கொந்தராத்துக் காலத்தில் கேட்காமல் விட்டது

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம், பரந்தனுக்குத் தெற்கே கண்டி வீதியோரம் இருந்த ஓர் அரிசி ஆலைக்கு எஞ்சின் பூட்டப் போனேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கல்யாணம் செய்து ஒரு வருடம் ஆகவில்லை. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்திருந்த மனைவியின் அண்ணன் வீட்டில், நெல் மூட்டை அடுக்கும் அறையின் ஒரு பாதியை மறைத்து நாங்கள் இருவரும் இருந்தோம். மனைவி அப்போதுதான் முழுகாமல் இருந்தாள்.

ஆலை முதலாளி யாழ்ப்பாணத்துப் பக்கம் பிறந்தவர். ஐம்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டியும் தோளில் சால்வையுமாக, தவிட்டுப் புழுதிக்குள் தும்மிக்கொண்டே திரிவார். ஆலையில் முன்பு ஓடிய எஞ்சின் ஓய்ந்துபோனதால், கொழும்பில் பழைய டீசல் எஞ்சின் ஒன்றை வாங்கி லொறியில் இறக்கியிருந்தார். அதைப் பூட்ட ஆள் தேடியபோது யாரோ என்னைச் சொல்லியிருக்கிறார்கள். பார்த்த அன்றைக்கே, பூட்டுவதோடு நிற்காமல் நிரந்தரமாக எஞ்சின்காரனாக இருக்கச் சொல்லிக் கேட்டார். ஆலைக்குப் பின்னால் இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியும் கொண்ட ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. அதையும் தருவதாகச் சொன்னார்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே ஓம் என்றிருப்பார்கள். நான் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பட்டறையில், அடுத்த மாதம் நிரந்தரமாக்குகிறேன் என்ற பேச்சை நம்பி இரண்டு வருடம் உழைத்துவிட்டு, கடைசியில் முதலாளியின் மருமகன் வந்து என் இடத்தில் நிற்க வெளியே போனவன் நான். இனி ஒருவரிடம் சேர்வதென்றால் அவரை நன்றாக அறிந்த பிறகுதான் என்று எனக்குள் முடிவு கட்டியிருந்தேன்.

"முதலாளி, இப்ப வேலைக்கெண்டு சேரேல்லை" என்றேன். "எஞ்சினைப் பூட்டி, காலபோக நெல்லெல்லாம் குத்தி முடியுமட்டும் ஓட்டித் தாறன். கொந்தராத்தா, ஒப்பந்த வேலையா எடுக்கிறன். பங்குனி முடிய, நிக்கிறனோ போறனோ எண்டு சொல்லுறன்."

அவர் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார்.

"அப்ப நான் உம்மைப் பரீட்சை பாக்கிறேல்லை. நீர்தான் என்னைப் பாக்கப் போறீர்?"

"ரெண்டு பேரும் பாப்பம்."

இப்படிப் பதில் சொன்னதை அன்று மாலை மனைவியிடம் இரண்டு தரம் சொல்லிக் காட்டினேன். எனக்கு அவ்வளவு பெருமை.

எஞ்சின் ஓடும்போது ஸ்குரூ டிரைவரின் நுனியை இரும்பில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்பது என் பழக்கம். உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தில் தெரிந்துவிடும். முதலாளியையும் அப்படித்தான் கேட்டுப் பார்க்கத் தொடங்கினேன். தேய்ந்த பேரிங்கைச் சரிசெய்து போட்டாலே போதுமென்றிருந்தும், புதிது வேண்டும் என்றேன். மறுபேச்சில்லாமல் யாழ்ப்பாணத்துக்கு ரயிலில் ஆள் அனுப்பி எடுப்பித்தார். எஞ்சினை இருத்திய சீமெந்துக் கட்டு காய இன்னும் நான்கு நாள் வேண்டும், அதுவரை ஓட்டமாட்டேன் என்றேன். வாசலில் நெல் வண்டிகள் காத்துக் கிடந்தும் பொறுத்துக்கொண்டார்.

ஒரு நாள் இல்லாத காய்ச்சல் ஒன்றைச் சொல்லி வீட்டில் நின்றுவிட்டேன். ஆள் வராவிட்டால் எப்படி நடக்கிறார் என்று பார்ப்பது என் திட்டம். மத்தியானம் முதலாளியே காரில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை தோடம்பழம். நான் அவசரமாகப் போர்வைக்குள் புகுந்துகொண்டேன். பக்கத்தில் குந்தி என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"காய்ச்சல் இறங்கியிட்டுது. நாளைக்கும் படுத்திரும். அவசரமில்லை" என்றார்.

அவர் போன பிறகு மனைவி தோடம்பழத்தை உரித்துக்கொண்டே, "இதுக்கு மேல என்னத்தைப் பாக்கப் போறியள்?" என்று கேட்டாள். அவளுக்கு அந்த இரண்டு அறை வீடு மனதில் நின்றது. அண்ணியின் குசினியில் எத்தனை நாள் நிற்பது?

எனக்கு ஒன்று மட்டும் தெரியவேண்டியிருந்தது. எனக்கு முன் இருந்த எஞ்சின்காரர் ஏன் போனார்? யாரைக் கேட்டாலும், "அவர் ஊருக்குப் போட்டார்" என்றார்கள். அவருடைய ஊர் ஒட்டுசுட்டான் பக்கம். ஊருக்குப் போனவரின் சட்டை இன்னும் எஞ்சின் அறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆலையில் நெல் அவிக்கும் வேலை ஒரு பெண்ணின் பொறுப்பு. நாற்பது வயதிருக்கும். கணவர் இல்லை. இரண்டு பெண்பிள்ளைகள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு மண் வீட்டில் இருந்தார். அவித்த நெல்லைச் சீமெந்துக் களத்தில் பரவிக் காலால் துழாவிக் காயவைப்பது அவருடைய கூட்டாளியான இன்னொரு பெண். இருவரும் அடுத்தடுத்த வளவுகளில் குடியிருந்தவர்கள். ஒன்றாக வருவார்கள், ஒன்றாகப் போவார்கள். மத்தியானம் ஒரே சட்டிச் சோற்றை நடுவில் வைத்துச் சாப்பிடுவார்கள். ஒருவர் பேசத் தொடங்கிய கதையை மற்றவர் முடிப்பார். களத்தில் அவர்கள் சிரிக்கிற சத்தம் எஞ்சின் நிற்கும் நேரங்களில் உள்ளே கேட்கும்.

நெல் அவிக்கும் அக்காவுக்கு எல்லாம் தெரியும் என்பதை அவர் அந்தச் சட்டையைப் பார்க்காமல் பார்த்த விதத்தில் கண்டுகொண்டேன். பல நாள் மெல்ல மெல்லக் கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

ஒரு மத்தியானம் தண்ணீர்ப் பீப்பாவடியில் அவரை மறித்தேன். "அக்கா, மனுசி பிள்ளைத்தாச்சி. இந்த வேலையை எடுக்கிறதோ விடுறதோ எண்டு நான் முடிவெடுக்கவேணும். ஒண்டும் தெரியாமல் எப்பிடி எடுக்கிறது?"

அவர் களத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். கூட்டாளி மட்டும் ஒரு இருபது முழம் தள்ளி நெல் துழாவிக்கொண்டு நின்றார். வேறு யாரும் இல்லை.

"அந்தச் சட்டைக்காரனுக்கு மூண்டு விரல் துண்டாப் போட்டுது தம்பி" என்றார். "பெல்ட் கழண்டது. எஞ்சினை நிப்பாட்டாமல் கையால தள்ளி ஏத்தப் பாத்தவர். நிப்பாட்டினா நேரம் போகுமெண்டு முதலாளி கத்துவார் எண்ட பயம். சில்லோட கை இழுபட்டுப் போட்டுது. முதலாளி தன்ர சால்வையால கையைச் சுத்தி, காரில ஏத்தி, என்னையும் பிடிச்சுக்கொண்டு இருக்கச் சொல்லித்தான் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனவர். அங்கை போய், காடு வெட்டேக்க கத்தி பட்டதெண்டு சொன்னார். என்னையும் அப்பிடியே சொல்லச் சொன்னார். சொன்னனான்."

"ஏன் அப்பிடி?"

"பொலிஸ் வரும், ஆலையைப் பூட்டுவாங்கள் எண்டு பயந்திருப்பார். கெட்ட மனுசன் இல்லை. ஆனா சொன்னவர்." பீப்பாவில் கையை விட்டு முகத்தைக் கழுவினார். "நான் சொன்னனெண்டு தெரியக்கூடாது தம்பி. இந்த அடுப்புத்தான் எங்கட சோறு."

"சத்தியமாச் சொல்லமாட்டன் அக்கா."

அவர் நம்பினார். அந்த நேரத்தில் நானும் என்னை நம்பினேன்.

பங்குனி முடிவில் முதலாளி என்னைக் கந்தோருக்குக் கூப்பிட்டார். கந்தோர் என்பது களத்தைப் பார்த்த யன்னல் கொண்ட ஒரு சின்ன அறை. கதிரையில் இருக்கச் சொல்லி, தேத்தண்ணி எடுப்பித்து, "பரீட்சை முடிஞ்சுதோ? நான் பாசோ, பெயிலோ?" என்று கேட்டார்.

நான் ஆயத்தமாகத்தான் வந்திருந்தேன். பெல்டும் சில்லும் ஓடுகிற பக்கம் முழுவதும் இரும்புக் கூடு போட வேண்டும், நானே செய்வேன், இரும்பு எடுத்துத் தரவேண்டும் என்றேன். ஓம் என்றார். எஞ்சினை நிறுத்த வேண்டியிருந்தால் அந்த நேரமே நிறுத்துவேன், வாசலில் எத்தனை வண்டி நின்றாலும் ஒருவரும் கேள்வி கேட்கக்கூடாது என்றேன். கொஞ்சம் யோசித்து அதற்கும் ஓம் என்றார். இவ்வளவு இலகுவாகக் கிடைத்ததில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறிவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"இன்னொண்டு முதலாளி. எனக்கு ஏதும் நடந்தா, ஆசுப்பத்திரியில உள்ளதைச் சொல்லவேணும். காடு வெட்டேக்க கத்தி பட்டதெண்டு சொல்லக்கூடாது."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. முகம் மட்டும் வெளிறிப் போனது.

"இது ஆர் சொன்னது?"

"சந்தியில கதைச்சினம்."

"சந்தியில ஒருத்தருக்கும் தெரியாது" என்றார் மெதுவாக. "அந்தக் காருக்குள்ள மூண்டு பேர்தான் இருந்தது."

அப்படிச் சொல்லிவிட்டு யன்னலால் வெளியே பார்த்தார். அக்கா அவித்த நெல்லைக் கடகப் பெட்டியில் சுமந்துகொண்டு களத்துக்கு வந்துகொண்டிருந்தார். கூட்டாளி கைகொடுத்து இறக்கினார். முதலாளி அக்காவைப் பார்த்ததை நான் பார்த்தேன். எல்லாம் எனக்கு விளங்கியது. நான் விட்ட பிழை எனக்குத் தெரியாமல் நடந்தது என்று இன்றுவரை சொல்ல முடியாததற்கு அந்தப் பார்வைதான் காரணம்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "சரி. அதுக்கும் ஓம். இப்ப சொல்லும், நிக்கிறீரோ?" என்றார்.

"நிக்கிறன்" என்றேன்.

அந்த ஒரு சொல்லைச் சொல்லுமுன் எனக்கு வாய் இருந்தது. இன்னும் ஒரு நிபந்தனை போட்டிருக்கலாம். அந்த அக்காவை ஒன்றும் செய்யக்கூடாது, செய்தால் நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். காலபோக நெல் நினைத்தபடி முடியாமல் இன்னும் குவிந்து கிடந்தது. வேறு எஞ்சின்காரன் கிளிநொச்சி முழுக்கத் தேடினாலும் அன்று கிடைத்திருக்கமாட்டான். அவர் அதற்கும் ஓம் என்றிருப்பார். ஆனால் அவர் கேட்டதும் எனக்கு முன்னால் தெரிந்தது அந்த இரண்டு அறை வீடும், மனைவியின் முகமும்தான்.

அடுத்த திங்கட்கிழமை அடுப்படியில் வேறு ஒரு பெண் நின்றார். களத்தில் கூட்டாளி தனியாக நெல் துழாவிக்கொண்டிருந்தார். போய்க் கேட்டேன்.

"இனி வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டாராம்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஏனெண்டு சொல்லேல்லையாம்."

நான் நேரே கந்தோருக்குப் போனேன். அவ்வளவாவது செய்தேன்.

"முதலாளி, அந்த அக்கா பாவம். ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள்."

அவர் தலை நிமிராமல் சொன்னார். "தம்பி, கொந்தராத்துக்காரனா நிண்டு நீர் கேட்டீர். கேட்டதெல்லாம் தந்தன். இப்ப நீர் என்ர வேலையாள். எஞ்சினைப் பாரும். ஆரை வைச்சிருக்கிறது, ஆரை விடுறது எண்டது என்ர பாடு."

திரும்பி வந்து எஞ்சினை ஓட்டினேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். நாங்கள் அப்போது புது வீட்டுக்கு வந்து மூன்று நாள். "நீங்கள் வேலையை விட்டிட்டு வந்தா மட்டும் அவாவைத் திருப்பி எடுப்பாரோ?" என்று அவள் கேட்டாள். இல்லை என்றேன். நானும் அந்தக் கேள்வியை இறுகப் பிடித்துக்கொண்டேன். பல வருடம் அதுதான் என் சமாதானம். அக்காவைப் போய்ப் பாருங்கோ என்றும் அவள்தான் சொன்னாள். வெறுங்கையோடு போகாதையுங்கோ என்று ஒரு பை அரிசியையும் கட்டித் தந்தாள்.

ரயில் பாதையைத் தாண்டிப் போனேன். அக்கா முற்றத்தில் தென்னோலைக் கிடுகு பின்னிக்கொண்டிருந்தார். அரிசிப் பையைப் பார்த்து, "வையுங்கோ தம்பி, பிள்ளையள் சாப்பிடட்டும்" என்றார். தேத்தண்ணி தந்தார். நான் குடித்து முடியுமட்டும் பொறுத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, நீங்கள் என்ர பேரைச் சொன்னியளோ?"

வழி நெடுகலும் உண்மையைச் சொல்லத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். "இல்லை அக்கா. பேர் சொல்லேல்லை" என்றது என் வாய்.

அது பொய் அல்ல. பேரை நான் சொல்லவில்லைத்தான். அவர் தலையாட்டினார்.

"எனக்குத் தெரியும், நீங்கள் சொல்லியிருக்கமாட்டியள் எண்டு. சத்தியம் பண்ணினனீங்கள் எல்லோ." பின்னிக்கொண்டிருந்த கிடுகைத் தள்ளி வைத்தார். "நாங்கள் கதைக்கேக்க பக்கத்தில நிண்டது அவள் ஒருத்திதான். அவள்தான் போய் முதலாளியிட்டச் சொல்லிக் கொளுவியிருக்கிறாள். இல்லாட்டி என்னை நிப்பாட்டினவர் ஏன் அவளை நிப்பாட்டேல்லை? இவ்வளவு காலம் ஒரு சட்டியில திண்டனாங்கள் தம்பி."

நான் வெறுங்கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அப்படி இராது அக்கா என்று ஒரு முறை சொன்னேன். அதைச் சொன்ன விதம் எனக்கே பிடிக்கவில்லை. அவருக்கு அது காதில் விழவும் இல்லை.

அக்கா பிறகு வயல் வேலைக்குப் போனார். நாற்று நடவும் அரிவு வெட்டவும் கண் காணாத தூரத்துக்கு நடந்தார். கூட்டாளி ஆலையில் தொடர்ந்து வேலை செய்தார். அடுத்தடுத்த வளவில் இருந்தும் இருவருக்கும் பேச்சில்லை என்று கேள்விப்பட்டேன். இருவரும் போய்வர நடுவில் விட்டிருந்த பொட்டு வழியை அக்கா அடைத்து வேலி கட்டிவிட்டாராம்.

ஆறு வருடம் நான் அந்த ஆலையில் இருந்தேன். இரும்புக் கூடு போட்டேன். ஒருவருக்கும் ஒரு நகம் போகவில்லை. முதலாளி தந்த வாக்கு எதையும் மீறவில்லை. எங்கள் மூத்தவள் பிறக்கிற நேரம் தன் காரிலேயே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார். அந்தக் காருக்குள் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தபோது, அதே இருக்கையில் அக்கா விரல் போன எஞ்சின்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பார் என்ற நினைவு வந்தது. இறங்குமட்டும் என்னால் முதலாளியோடு ஒரு சொல் பேச முடியவில்லை. அவர் அதைப் பதற்றம் என்று எடுத்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்.

இந்த ஆறு வருடமும் கூட்டாளி களத்தில் என் கண் முன்னால் நின்றார். மத்தியானம் தனியே சாப்பிட்டார். ஆறாம் வருடம் அவருடைய மகளை முள்ளிவாய்க்காலில் ஒரு கடல் தொழில் செய்கிற குடும்பத்தில் கட்டிக்கொடுத்து, தானும் அவளோடு போய் இருக்க முடிவெடுத்தார். கடைசி நாள் என்னிடம் சொல்லிக்கொண்டு போக வந்தார்.

"போட்டு வாறன் தம்பி. ஒண்டுதான் மனதில கிடக்கு. அவள் ஏன் என்னோட கதைக்கிறதை விட்டவள் எண்டு எனக்குத் தெரியாமலே போறன். நான் அவளுக்கு ஒரு குறையும் செய்யேல்லை."

அவர் அழவில்லை. காரணம் கேட்பது போலவும் சொல்லவில்லை. எஞ்சின் அறை வாசலில் நின்று, சும்மா ஒரு செய்தி சொல்வது போலச் சொன்னார். எனக்குத் தெரியும் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். கவனமாப் போங்கோ என்று மட்டும் சொன்னேன்.

நாலு நாள் பொறுத்துப் பார்த்தேன். ஐந்தாம் நாள் காலை வேலைக்குப் போகுமுன் ரயில் பாதையைத் தாண்டினேன். அக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கந்தோரில் என்ன சொன்னேன், எந்தச் சொல்லில் முதலாளி பிடித்தார், யன்னலால் பார்த்ததை நான் கண்டது, கண்ட பிறகும் நிக்கிறன் என்று சொன்னது, இந்த முற்றத்தில் வைத்துப் பேர் சொல்லேல்லை என்றது, ஒன்றையும் மறைக்கவில்லை.

அவர் விளக்குமாற்றைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நல்லது என்றும் இருந்தது.

"அப்ப அவள் சொல்லேல்லை" என்றார்.

"இல்லை அக்கா."

"ஒண்டுமே சொல்லேல்லை."

"ஒண்டுமே சொல்லேல்லை."

தான் கட்டிய வேலியை ஒரு தரம் பார்த்தார். அப்பால் வீடு பூட்டிக் கிடந்தது.

"முள்ளிவாய்க்காலுக்குப் போறதெண்டா எந்த பஸ்?" என்று கேட்டார். முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறவேண்டும், பரந்தன் சந்தியில் காலையில் நிற்கும் என்றேன். மன்னித்துக்கொள்ளுங்கோ என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்கள் போங்கோ தம்பி. உங்களுக்கு வேலைக்கு நேரமாச்சு."

அந்த வருடமே நான் ஆலையை விட்டு விலகி, வவுனியாவில் சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை போட்டேன். முதலாளிக்கு மனவருத்தம். காரணம் கேட்டார். சொல்லவில்லை. சொன்னாலும் அவருக்கு ஞாபகம் இருந்திருக்குமோ தெரியாது.

அக்கா அடுத்த நாளே பஸ் ஏறிப் போனார் என்று பிறகு அறிந்தேன். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்து அக்காவின் மூத்த மகளுக்குக் கல்யாணம் நடந்தது. முள்ளிவாய்க்காலில் இருந்து கூட்டாளி ஒரு கிழமை முன்னரே வந்து நின்று, பலகாரம் சுடுவதில் இருந்து பந்தி பரிமாறுவது வரை எல்லாவற்றையும் தன் வீட்டு வேலை போலச் செய்தாராம். மனைவியின் அண்ணன் அந்தக் கல்யாணத்துக்குப் போய் வந்து சொன்னார். முதலாளிக்குக்கூடக் கல்யாணத்துக்குச் சொல்லியிருந்தார்களாம். அவரும் வந்து இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனாராம்.

எங்களுக்குச் சொல்லவில்லை. "தூரம் எண்டு விட்டிருப்பினம்" என்றாள் மனைவி. ஓம், அப்படித்தான் இருக்கும் என்றேன்.